கண் தப்பும் என்கிறார்கள். பார்வை எவ்வளவு தப்பும்?

பட்டறை மகன், கோயம்புத்தூர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 54 வயது. நகைப் பட்டறையில் கல் பதிக்கும் வேலை செய்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன், இடக்கண்ணின் ஓரத்தில் மின்னல்போல ஏதோ வெட்டுகிறது என்றும், கீழ்ப்பக்கம் நிழல் விழுகிறது என்றும் சொன்னார். கண்புரை என்று நினைத்துத்தான் காட்டப் போனோம். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்த மருத்துவர், விழித்திரைக்கு அடியில் உள்ள கோராய்டு என்னும் இரத்தக்குழாய்ப் படலத்தில் பழுப்பு நிறக் கட்டி ஒன்று இருப்பதாகச் சொல்லி, வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய், என்று உறுதி செய்தார்கள்.

அல்ட்ராசவுண்ட் அளவுப்படி கட்டியின் உயரம் 5.8 மில்லிமீட்டர், அடிப்பகுதியின் அகலம் 11 மில்லிமீட்டர். கட்டியின் விளிம்பு, விழித்திரையில் கூர்மையான பார்வை தரும் பகுதியான மேக்குலாவின் நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. விழித்திரைக்கு அடியில் சிறிது நீர் கோத்திருக்கிறது. அந்தக் கண்ணின் பார்வை இப்போது 6/9 (6/6 என்பது இயல்பான பார்வை; கீழே உள்ள எண் ஏற ஏறப் பார்வை குறைவு). இந்நோய் பரவக்கூடிய கல்லீரலின் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. தந்தைக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு.

அயோடின் பிளேக் என்னும் கதிர்த்தகட்டைச் சில நாள் கண்ணில் வைக்கலாம், கண்ணை எடுக்க வேண்டியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். எங்களுக்குப் பாதி உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஆனால் திரும்பும் வழியில் பேருந்தில் தந்தை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கண்ணு இருக்கும்ங்கறாரு, சரி. கல்லு தெரியுமாடா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மருத்துவரிடம் மறுபடி கேட்டபோது, ஆளுக்கு ஆள் மாறும் என்றார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் எதைப் பொறுத்து மாறும் என்பதையாவது அறிந்துகொள்ள விரும்புகிறேன். இந்தச் சிகிச்சை பெற்றவர்கள், அல்லது இதைப் பற்றி அறிந்தவர்கள், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டுகிறேன். ஆறுதலுக்காகக் கூட்டிச் சொல்ல வேண்டாம்.


ஓய்வுபெற்ற விழித்திரை மருத்துவர்

தம்பி, உங்கள் தந்தையின் கேள்வி மிகச் சரியான கேள்வி. இந்த நோயில் மூன்று கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன: உயிர் தப்புமா, கண் தப்புமா, பார்வை தப்புமா. மருத்துவர்கள் முதல் இரண்டுக்கும் விடை சொல்லும்போது, கேட்பவர்கள் மூன்றாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். என் பணிக்காலத்தில் நானும் இந்த மூன்றையும் போதுமான அளவு பிரித்துச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இதைப் பற்றிய மிக உறுதியான எண்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கூட்டுக் கண் மெலனோமா ஆய்விலிருந்து வருகின்றன. 1987 முதல் 1998 வரை நடுத்தர அளவுக் கட்டி உள்ள 1,317 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கண்ணை எடுத்தார்கள், மறு பகுதியினருக்கு அயோடின்-125 பிளேக் வைத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் இறந்தோர் விகிதம் கண் எடுத்தவர்களில் 19 சதவீதம், பிளேக் வைத்தவர்களில் 18 சதவீதம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே கண்ணை வைத்துக்கொள்வதால் உயிருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை. பிளேக் வைத்தவர்களில் ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குப் பின்னர் கண்ணை எடுக்க நேர்ந்தது. மற்றவர்களுக்குக் கண் தங்கியது.

இனி பார்வை. பிளேக் வைத்தவர்களில் 6/60 அல்லது அதற்கும் கீழே இறங்கியவர்கள் முதலாண்டில் 17 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 33 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 43 சதவீதம். அட்டையில் ஆறு வரிகளோ அதற்கு மேலோ இழந்தவர்களைக் கணக்கிட்டால், மூன்றாண்டில் ஏறத்தாழ பாதிப்பேர். அப்படிக் குறைந்த பார்வை பின்னர் திரும்பியது மிக அரிது. அதே ஆய்வில் பார்வை இழப்போடு தொடர்பு காட்டிய காரணங்கள் இவை: கட்டியின் உயரம், மேக்குலாவின் நடுப்புள்ளிக்கு நெருக்கம், கட்டியால் விழித்திரை விலகியிருத்தல், கட்டி குவிமாட வடிவில் இல்லாமை, சர்க்கரை நோய். உங்கள் தந்தைக்கு இவற்றில் சில இருக்கின்றன, அதை மறைப்பதற்கில்லை. அவருக்குச் சாதகமான செய்திகளும் உண்டு: தொடக்கப் பார்வை 6/9 என்பது நல்ல நிலை, கட்டி மேக்குலாவுக்கு அடியில் இல்லை. பார்வை நரம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அந்த எண்கள் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலத்தவை. இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. எவ்வளவு என்பதைப் பிறகு எழுதுகிறேன்.


மெர்சிக்கரை, இங்கிலாந்து

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளாக இங்கிலாந்தின் வடமேற்கில் வாழ்கிறவள். எனக்கு வலக்கண்ணில் இதே நோய். ஏழு ஆண்டுகளுக்கு முன் கிளாட்டர்பிரிட்ஜ் மருத்துவமனையில் புரோட்டான் கற்றை என்னும் கதிர்ச் சிகிச்சை பெற்றேன். 1989 இல் தொடங்கிய அந்த மையம்தான் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே அமைந்த உலகின் முதல் புரோட்டான் மையம் என்று அங்கே சொன்னார்கள். முதலில் ஓர் அறுவையில், கட்டியின் எல்லையைக் குறிக்க வெண்விழிப் படலத்தில் டாண்டலம் என்னும் உலோகத்தாலான சின்னஞ்சிறு வட்டுகளைத் தைத்தார்கள். அவை இன்றும் என் கண்ணில்தான் இருக்கின்றன. பின்னர் நான்கு நாள் சிகிச்சை. முகத்துக்கு அச்சு வார்த்த முகமூடி, பல்லால் கடித்துக்கொள்ள ஓர் அச்சு, உற்றுப் பார்ப்பதற்கு ஒரு சிறு விளக்கு. கற்றை பாயும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. வலி கிடையாது.

நான் சொல்ல விரும்புவது சிகிச்சைக்குப் பின்னான காலத்தைப் பற்றி. முதல் ஓராண்டு முழுவதும் எனக்குப் பார்வை 6/9. எல்லாரிடமும் தப்பிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பத்தொன்பதாம் மாதத்தில் ஒருநாள், சமையலறைக் கதவின் நிலைச்சட்டம் நடுவில் வளைந்திருப்பதைக் கண்டு மரம் ஊறிவிட்டதோ என்று நினைத்தேன். இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோதுதான் சுவர்க்கடிகாரத்தின் முள்ளும் வளைந்திருப்பது தெரிந்தது. மேக்குலாவில் நீர் கோத்துவிட்டது என்று, விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி படத்தில் காட்டினார்கள். அப்போதிருந்து ஊசிகள். இன்று அந்தக் கண்ணில் 6/36. எழுத்து வாசிக்க முடியாது. ஆனால் பக்கப் பார்வை இருக்கிறது. வலப்பக்கத்தில் நடந்து வருகிறவர் தெரிகிறார், மாடிப்படியின் ஓரம் தெரிகிறது. அது பெரிய பேறு என்பதை அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு மணிநேரம் நடந்து பார்த்துத்தான் உணர்ந்தேன்.

கதிர்வீச்சு செய்கிற சேதம் மெதுவாக வருகிறது, தம்பி. முதல் ஆண்டின் நல்ல பார்வையை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். அந்தத் தவறை நான் செய்தேன். வரிசையாகப் போயிருக்க வேண்டிய பரிசோதனைகளில் ஒன்றைப் பயணத்துக்காகத் தள்ளிப்போட்டேன்.


திருச்சி மகள்

மேலே எழுதியவர்கள் மீது மிகுந்த மரியாதையோடு வேறொரு கருத்தைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நோய் வந்தது. கட்டியின் உயரம் 12 மில்லிமீட்டர். கதிர்சிகிச்சையும் செய்யலாம், ஆனால் பார்வை நிற்காது என்று ஒரு மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னதால் கண்ணை எடுத்துவிட முடிவு செய்தோம். ஆறு வாரத்தில் செயற்கைக் கண் பொருத்தினார்கள். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதன்பின் ஊசி இல்லை, கண்ணழுத்தம் இல்லை, கட்டி மறுபடி வளர்ந்திருக்குமோ என்ற அச்சமும் இல்லை. கல்லீரல் ஸ்கேனுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறோம்.

என் கேள்வி இதுதான். மூன்றாண்டில் பாதிப்பேருக்குப் பார்வை போய்விடும் என்றால், அந்தக் கண்ணைக் காப்பதற்காக ஒரு குடும்பம் இரண்டு அறுவைக்கும், ஆண்டுக்கணக்கில் ஊசிக்கும், ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி இழப்புக்கும் ஏன் ஆளாக வேண்டும்? கண்ணைக் காப்பாற்றுங்கள் என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது எளிது. பணம் கட்டுகிறவர்களின் நிலையையும் யாராவது பேச வேண்டும்.


ஓய்வுபெற்ற விழித்திரை மருத்துவர்

அம்மா, உங்கள் தாயாருக்குச் செய்தது சரியான முடிவு என்றே நானும் கருதுகிறேன். மேலே நான் சொன்ன ஆய்வே 10 மில்லிமீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டிகளை நடுத்தர வகையில் சேர்க்கவில்லை. அவ்வளவு பெரிய கட்டிக்குப் போதிய கதிரைச் செலுத்தினால், பார்வை போவதோடு, புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துக் கண்ணழுத்தம் ஏறி, வலியெடுத்த கண்ணைக் கடைசியில் எடுக்க வேண்டியும் வரலாம்.

உங்கள் கேள்வியை அந்த ஆய்வுக் குழுவினரும் கேட்டிருக்கிறார்கள். இரு பிரிவிலும் இருந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் விசாரித்தார்கள். வண்டி ஓட்டுவதிலும் பக்கப் பார்வையிலும் பிளேக் வைத்தவர்கள் முதல் இரண்டாண்டு வரை மேலான நிலையில் இருந்தார்கள். மூன்று முதல் ஐந்தாண்டுக்குள், அவர்களின் பார்வை இறங்க இறங்க, அந்த வேறுபாடு தேய்ந்துபோனது. மனப்பதற்றம் பிளேக் வைத்தவர்களிடமே கூடுதலாக இருந்தது. ஆக, நீங்கள் சொல்லும் நிம்மதி உங்கள் தாயாருக்கு மட்டும் வாய்த்ததன்று.

ஆயினும் 5.8 மில்லிமீட்டர் கட்டியும் 12 மில்லிமீட்டர் கட்டியும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் லிவர்பூலில், அயோடினுக்குப் பதில் ருத்தேனியம் என்னும் கதிர்ப்பொருள் கொண்ட பிளேக் வைத்த 458 பேரைப் பற்றிய அறிக்கை 2005 இல் வந்தது; அதில் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை ஒன்பதாண்டுக்குப் பின்னும் 55 சதவீதத்தினருக்குத் தங்கியிருந்தது. அவை பெரும்பாலும் உயரம் குறைந்த, தேர்ந்தெடுக்கப்பட்ட கட்டிகள் என்பதால்தான் அந்த முடிவு கிடைத்தது. மறுபுறம் பிலடெல்பியாவில் பிளேக் வைத்த 1,106 பேரைப் பின்தொடர்ந்தபோது, 6/60 அல்லது அதற்குக் கீழ் இறங்கியவர்கள் ஐந்தாண்டில் 34 சதவீதம், பத்தாண்டில் 68 சதவீதம். இந்த இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், சிகிச்சையின் பெயரைவிடக் கட்டி எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே பார்வையை முடிவு செய்கிறது என்பது விளங்கும்.


கதிரியல் இயற்பியல் பணியாளர்

பிளேக் சிகிச்சைக்கு அளவு கணக்கிடும் வேலையில் நான் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நோயாளிகள் யாரும் இதைக் கேட்பதில்லை, கேட்டால் பல முடிவுகள் தெளிவாகும்.

பிளேக் என்பது குழிந்த பொத்தான் போன்ற ஒரு தகடு. அயோடின் பிளேக்கில் தங்கக் கலவைத் தகட்டின் உட்புறத்தில் அரிசியைவிடச் சிறிய கதிர்விதைகள் பதிக்கப்பட்டிருக்கும். தங்கம் பின்பக்கமாகக் கதிர் போகாமல் தடுக்கிறது. கட்டிக்கு நேர் வெளியே வெண்விழிப் படலத்தில் இதைத் தைத்துவிட்டு, சில நாட்கள் கழித்து எடுத்துவிடுவார்கள். கட்டியின் உச்சிக்கு வழக்கமாக 85 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) கதிர் சேர வேண்டும். கதிர் வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே போகிறது. எனவே உச்சியில் 85 கிரே கிடைக்க வேண்டுமானால், அடிப்பகுதியில் அதைப்போலப் பல மடங்கு விழும். கட்டி உயர உயர அந்த மடங்கும் ஏறும், சுற்றியுள்ள நல்ல விழித்திரையில் சிந்தும் கதிரும் ஏறும். 3 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் மேக்குலாவுக்குச் சேர்வது இப்படிச் சிந்தும் கதிர்தான்.

ருத்தேனியம்-106 வேறு வகை. அது பீட்டா துகள்களை வெளியிடுகிறது. அவை சில மில்லிமீட்டருக்குள் வேகம் இழந்துவிடும். 1960களில் கிழக்கு பெர்லினில் தொடங்கிய இந்த முறையில், மேக்குலாவுக்கும் பார்வை நரம்புக்கும் போகும் கதிர் குறைவு. ஆனால் 5 அல்லது 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டியின் உச்சிக்குப் போதிய அளவு எட்டாது. இந்தக் கட்டி 5.8 மில்லிமீட்டர் என்பதால் எல்லைக்கோட்டில் நிற்கிறது. உங்கள் மருத்துவர் அயோடினைத் தேர்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கட்டி முழுதாக அழியாமல் விட்டுப் பார்வையைக் காப்பது எந்தக் கணக்கிலும் நல்லதன்று.

இந்தியாவில் இவ்விரண்டும் உள்நாட்டிலேயே கிடைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் அயோடின்-125 விதைகளை உருவாக்கியது. சென்னை சங்கர நேத்ராலயாவில் அவற்றைக் கொண்டு சிகிச்சை செய்தார்கள். பின்னர் அதே மையம், அணு எரிபொருள் கழிவிலிருந்து ருத்தேனியத்தைப் பிரித்தெடுத்து வெள்ளித் தகடுகளையும் செய்தது. கழிவு என்று கண்ணாடியில் உறையவைத்துப் புதைப்பதற்காக வைத்திருந்த ஒன்றிலிருந்து ஒருவருடைய பார்வையைக் காக்கும் தகடு பிறக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் இந்தத் துறையில் இருந்ததற்காக மகிழ்ந்திருக்கிறேன்.

புரோட்டான் கற்றையின் சிறப்பு, அது குறிப்பிட்ட ஆழம் வரை சென்று அங்கேயே நின்றுவிடுவது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கியில் 1975 இல் முதல் கண் நோயாளிக்கு அதைச் செலுத்தினார்கள். சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் 1984 இல் தொடங்கினார்கள். கட்டி முழுவதற்கும் ஏறத்தாழ ஒரே அளவு கதிர் சேரும். பிளேக்கைப்போல் அடியில் பல மடங்கு குவியாது. ஆனால் அது கண்ணின் முன்பக்கம் வழியாக நுழைவதால் இமையோரம், கண்ணீர்ச் சுரப்பு, வில்லை ஆகியவை பாதிக்கப்படலாம். எதிலும் ஓர் இழப்பு இருக்கிறது.

உங்கள் தந்தைக்காக மருத்துவரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள்: மேக்குலாவின் நடுப்புள்ளிக்கு எத்தனை கிரே, பார்வை நரம்பின் தலைப்பகுதிக்கு எத்தனை கிரே. திட்டமிடும் கணினியில் இவை நிச்சயம் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும் என்ற பதிலுக்குப் பின்னால் உள்ள எண்கள் இவைதான்.


பட்டறை மகன், கோயம்புத்தூர்

எல்லாருக்கும் நன்றி. அந்த இரண்டு எண்களையும் கேட்டேன். மருத்துவர் சற்று வியந்து, பின் பொறுமையாக அமர்ந்து கணினித் திரையிலேயே காட்டினார். பார்வை நரம்பு தூரமாக இருக்கிறது, அதற்குக் குறைவான அளவே போகும். மேக்குலாவுக்குச் சேர்வது கவலைப்பட வேண்டிய அளவு என்று ஒளிக்காமல் சொன்னார். இரண்டு ஆண்டுக்குள் நீர் கோக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் முதலிலிருந்தே ஊசி போடலாம் என்கிறார். கண்ணுக்குள் ஊசி என்றதும் அம்மா அழுதுவிட்டார். அது உண்மையில் பயன் தருமா, பார்வை கெட்ட பிறகு போட்டால் போதாதா என்பதை ஐயா விளக்க வேண்டும்.


ஓய்வுபெற்ற விழித்திரை மருத்துவர்

கதிர் பட்ட நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் உடனே சாவதில்லை. அவை பிரியும் முறை வரும்போது சாகின்றன. அதனால்தான் மாதங்கள் கழித்து, சில நேரம் ஆண்டுகள் கழித்து, குழாய்கள் கசியவும் அடைபடவும் தொடங்குகின்றன. இரத்தம் எட்டாத விழித்திரை ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. அது குழாய்களை மேலும் கசியச் செய்கிறது, பின்னர் வேண்டாத புதுக் குழாய்களை முளைக்கவும் செய்கிறது. அவாஸ்டின் போன்ற ஊசிகள் அந்தச் செய்தியைத் தடுக்கின்றன. கசிவு குறையும். ஆனால் அடைபட்டுப்போன குழாயை எந்த ஊசியும் திறக்காது. ஆகவே, கெட்ட பிறகு போட்டால் போதாதா என்ற கேள்விக்கு என் பதில், போதாது என்பதே. கண் மங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே ஓசிடியில் நீர் தெரியத் தொடங்கும். அந்த இடைவெளியை வீணாக்கக் கூடாது.

பிலடெல்பியாவில், பிளேக் எடுத்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டாண்டு முன்கூட்டியே அவாஸ்டின் ஊசி போட்டவர்களை, போடாதவர்களோடு ஒப்பிட்டு 2014 இல் எழுதினார்கள். இரண்டாண்டு முடிவில் மேக்குலா வீக்கம் ஊசி போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 40 சதவீதம். 6/60 அல்லது அதற்குக் கீழ் இறங்கியவர்கள் 15 சதவீதமும் 28 சதவீதமும். குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு அன்று என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள மாட்டேன். ஆனாலும் என் வீட்டில் ஒருவருக்கு இந்நிலை வந்தால் போடச் சொல்வேன்.

ஊசி நோயாளிகள் அஞ்சும் அளவுக்கு வலிக்காது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மரப்புச் சொட்டு விட்டபின் ஓர் அழுத்தம் மட்டுமே தெரியும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது இங்கே வெறும் பொது அறிவுரை அன்று. சர்க்கரை ஏற்கெனவே நலிவித்த அதே நுண்குழாய்களைத்தான் கதிரும் தாக்கப்போகிறது.

வேறொருவர் தனிச்செய்தியில், கதிருக்குப் பின் வரும் கண்புரையும் நிரந்தர இழப்புதானா என்று கேட்டிருந்தார். இல்லை. புரையை வழக்கம்போல் அறுவை செய்து நீக்கலாம். மேக்குலாவும் பார்வை நரம்பும் நன்றாக இருந்தால் அந்தப் பங்குப் பார்வை திரும்பும்.


மதுரை ஆசிரியர்

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். 2019 இல் இடக்கண்ணில் அயோடின் பிளேக் வைத்தார்கள். என் கட்டி பார்வை நரம்பை ஒட்டி இருந்தது. ஊசிகளும் போட்டேன். மூன்றாம் ஆண்டு நரம்பே வெளிறிப்போய், இப்போது கைவிரலை முகத்தருகே அசைத்தால் மட்டும் தெரிகிறது. நரம்பு போனால் செய்வதற்கு அதிகம் இல்லை என்பதை எழுதுவது உங்களை அச்சுறுத்த அன்று. உங்கள் தந்தையின் கட்டி நரம்பிலிருந்து தள்ளி இருப்பது எவ்வளவு நல்ல செய்தி என்று உணர்த்தத்தான்.

ஒற்றைக்கண் வாழ்க்கையைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் விளிம்புக்கு வெளியே போகும். இப்போது செம்பின் வாயை டம்ளரின் மேல் தொடவைத்துவிட்டு ஊற்றுகிறேன். கரும்பலகைக்குச் சுண்ணக்கட்டி எட்டும் முன்பே எழுதத் தொடங்கிவிடுவேன். இறங்கும் படிகள், குறிப்பாக ஒரே நிறத்தில் பூசியவை, தட்டையான தரையாகத் தெரியும். இடப்பக்கமாக வந்த மாணவர்கள் மீது மோதியிருக்கிறேன். தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பி நடக்கப் பழக ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஆயின. தலையை மெல்ல இருபக்கமும் அசைத்தால், அருகில் உள்ளது விரைவாகவும் தொலைவில் உள்ளது மெதுவாகவும் நகரும். அதை வைத்துத் தூரத்தைக் கணிக்கலாம். பல ஆண்டுகள் பாடத்தில் நடத்திய இடமாறு தோற்றம் என் பிழைப்புக்கே பயன்படும் என்று நான் நினைத்ததில்லை.

நல்ல கண்ணுக்கு எப்போதும் பாலிகார்பனேட் கண்ணாடி அணியச் சொல்லுங்கள், பவர் தேவையில்லாவிட்டாலும். பட்டறையில் தெறிக்கும் துகளுக்கு இனி அவர் ஆளாகக் கூடாது. மற்றொன்று, ஒரு கண் முழுதாகப் போனாலும் மறு கண் நன்றாக இருந்தால் இந்திய அரசின் மதிப்பீட்டில் அது 30 சதவீதக் குறைபாடுதான். சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். அதை நம்பித் திட்டம் போட்டுவிடாதீர்கள்.


மெர்சிக்கரை, இங்கிலாந்து

ஆசிரியர் எழுதியதைப் படித்தபோது ஆலிவர் சாக்ஸ் என்னும் நரம்பியல் மருத்துவரை நினைத்துக்கொண்டேன். நியூயார்க்கில் வாழ்ந்த அவருக்கு 2005 டிசம்பரில் வலக்கண்ணில் இந்நோய் தெரிந்தது. கதிர்த்தகடும் லேசரும் செய்தார்கள். 2009 இல் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து அந்தக் கண்ணின் பார்வை அறவே போனது. இரு கண்ணால் காணும் ஆழத்தை வாழ்நாளெல்லாம் காதலித்த மனிதர் அவர். அதற்கென்றே இருந்த சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தார். தட்டையாகிப்போன உலகத்தைப் பற்றியும், குருட்டுப் பகுதியை மூளை சுற்றியுள்ள நிறத்தால் தானே நிரப்பிக்கொள்வதைப் பற்றியும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கும் அந்த நிரப்புதல் நேர்ந்தது. நீல வானத்தைப் பார்த்தால் ஓட்டையே தெரியாது. எனக்கு மூளை கெட்டுவிட்டதோ என்று அஞ்சியிருந்த நாட்களில், அது இயல்பானதுதான் என்று அவர் வழியே அறிந்துகொண்டது பெரிய துணையாக இருந்தது. நோய் கல்லீரலுக்குப் பரவி 2015 இல் அவர் காலமானார். பார்வையைப் பற்றிப் பேசும்போது கல்லீரல் பரிசோதனையை மறந்துவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.


பட்டறை மகன், கோயம்புத்தூர் (இருபது மாதங்களுக்குப் பின்)

இந்த இழையை மறந்துவிடவில்லை. நிலைமை தெளிவான பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். பிளேக் ஐந்து நாள் இருந்தது. தனி அறை, நாங்கள் வாசலில் நின்று பேசினோம். எடுத்த அன்றே முதல் ஊசி, பின்னர் நான்கு மாதத்துக்கு ஒன்று. முதல் சில வாரங்கள் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. தகடு வைக்கத் தசையைப் பிரித்துத் தைத்ததால் என்றார்கள், தானே சரியானது. கட்டி இப்போது 3.4 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. கல்லீரலில் ஒன்றும் இல்லை. சர்க்கரையை அப்பா இத்தனை கட்டுப்பாட்டோடு வைத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

பார்வை பதினான்காம் மாதம் வரை 6/9. பிறகு 6/12. சென்ற வாரம் 6/18. ஓசிடியில் மேக்குலாவின் ஓரத்தில் சிறு குமிழ்கள்போல் நீர் தெரிகிறது. ஓராண்டு நன்றாக இருந்தபோது நாங்கள் கொண்டாடவில்லை. இப்போது இறங்கும்போது இடிந்துபோகவும் இல்லை. அதற்கு இங்கே எழுதியவர்கள்தான் காரணம்.

கல் பதிக்கும் வேலையை அவர் விடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது எப்போதுமே வலக்கண்தான் என்பதால், கல் தெரிகிறது. ஆனால் ஒளிர்வான கல்லை இடுக்கியால் எடுத்து முனைகளுக்கு நடுவே இறக்கும்போது, கால் மில்லிமீட்டர் முன்னதாகவே கை நின்றுவிடுகிறது என்கிறார். இப்போதெல்லாம் இடக்கைச் சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றி, வலக்கையை அதன்மேல் தாங்கி இறக்குகிறார். பற்றவைக்கும் வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஆறு மோதிரம் முடித்தவர், இப்போது நான்கு முடிக்கிறார்.

மருத்துவர் ஊசியின் இடைவெளியை நான்கு மாதத்திலிருந்து ஆறு வாரமாகக் குறைக்கலாம் என்கிறார். அது பயன் தராவிட்டால் ஸ்டீராய்டு வைக்கலாம், ஆனால் கண்ணழுத்தம் ஏறக்கூடும் என்றும் சொல்கிறார். வரும் வியாழன் பதில் சொல்ல வேண்டும். இடைவெளியைக் குறைத்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாரேனும் இருந்தால், எத்தனையாவது ஊசிக்குப் பின் ஓசிடியில் மாற்றம் தெரிந்தது என்பதை எழுதுங்கள். அப்பாவும் பக்கத்தில்தான் இருக்கிறார். நான் வாசித்துக் காட்டுவேன்.